அதீபின் அறைக்கு மரத்தரை

கடைக்குப் போய்ப் பலகை பார்க்கிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள், நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். ஹஃபீசா விழுந்து பார்த்தாள்.

கோவிலம்பாக்கம் பக்கம் ரேடியல் ரோட்டை ஒட்டி அந்த வருஷம்தான் திறந்திருந்த கடை அது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசிக் குளிர், தரையில் பாய் விரித்த மாதிரி விதவிதமான மரப்பலகைத் துண்டுகள். ஹஃபீசா புர்காவை லேசாக ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டின் மேலும் ஏறி நின்றாள். பிறகு கையை ஊன்றாமல், இரண்டு முட்டியும் நேராகப் போய் இடிக்கிற மாதிரி தொப்பென்று இறங்கினாள். வலி எவ்வளவு என்று கொஞ்ச நேரம் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டாள். எழுந்து அடுத்த துண்டுக்குப் போனாள். கடைக்காரர் முதல் தடவை பதறி ஓடிவந்தார். இரண்டாம் தடவை ஜாபரைப் பார்த்தார். மூன்றாம் தடவை தண்ணீர் பாட்டில் எடுத்துவரப் போய்விட்டார்.

“ஹஃபீசா, போதும். எல்லாரும் பாக்குறாங்க” என்றான் ஜாபர், அவள் கணவன்.

“பாக்கட்டும் மச்சான். விழப்போறது அவங்க புள்ளையா?”

விழப்போகிற பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் சர்க்கஸை ரசித்துக்கொண்டிருந்தான். பெயர் அதீப். வயது ஒன்பது. நாக்கு மட்டும் தொண்ணூறு.

மூன்று வயதில் அவனுடைய கெண்டைக்கால்கள் இரண்டும் திரண்டு உருண்டு நிற்கும். பயில்வான் கால் என்று சொந்தக்காரர்கள் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கண்ணூறு பட்டுவிடப் போகிறது என்று ஹஃபீசா மிளகாய் சுற்றிப் போட்டாள். அது பலமில்லை, வியாதி என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்து அந்த இடத்தில் கொழுப்பு வந்து அடைத்துக்கொள்கிற வியாதி. ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும், பெரும்பாலும் தாய் வழியாக வரும், மருந்து கிடையாது. இந்த மூன்றையும் அந்த டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் சொன்னது மட்டும் ஜாபரின் அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. மாடம்பாக்கத்தில் பெரிய மகன் வீட்டில் இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க வம்சத்துல இல்லம்மா இது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹஃபீசா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. டாக்டரே சொன்னபிறகு என்ன எதிர்ப்பு.

இப்போது அதீப் நுனிக்காலில் நடக்கிறான். வயிறு முன்னால் போகும், தோள் பின்னால் வரும். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தன் தொடைகளையே ஏணியாகப் பிடித்துப் பிடித்து ஏறி நிமிர வேண்டும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் சுவரில் இருக்கும். வீட்டுச் சுவரெல்லாம் அவன் தோள் உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு ஓடியது. டாக்டர் கடைசியாகச் சொன்னது இதுதான்: எப்படியும் பதினொன்று பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும். அதுவரை நடக்கிற ஒவ்வொரு மாதமும் முதுகுக்கும் மூச்சுக்கும் லாபம். ஆனால் விழுந்து தொடை எலும்பு மட்டும் முறிந்ததோ, கட்டுப் போட்டுப் படுக்கிற அந்த ஆறு வாரத்திலேயே மிச்சம் இருக்கிற பலமும் போய்விடும். அப்புறம் எழுந்திருக்க மாட்டான்.

ஆக, மிச்சம் இருந்தது இரண்டு வருஷம். உலகத்தில் மற்றவர்கள் பிள்ளை டாக்டராகட்டும், இன்ஜினீயராகட்டும் என்று துஆ கேட்பார்கள். ஹஃபீசா ஐந்து வேளையும் கேட்டது இந்த இரண்டு வருஷ நடையைத்தான்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அவர்கள் வீடு. ஜாபரின் அப்பா கட்டியது. மொசைக் தரை, இருபது வருஷமாகத் துடைத்துத் துடைத்து வழுக்கிக்கொண்டு கிடந்தது. போன ரமலானில் அதில் விழுந்து அதீபுக்கு முகவாயில் நான்கு தையல். ஜமுக்காளம் விரித்தார்கள், அதன் ஓரம் காலை வாரியது. கயிற்றுப்பாய் போட்டார்கள், நுனிக்கால் அதில் மாட்டிக்கொண்டது. அதீபுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மாதான், “மரத்தரை போட்டுப் பாருங்க, வழுக்காது, விழுந்தாலும் கொஞ்சம் வாங்கிக்கும்” என்றார். நாகல்கேணியில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற சின்னப் பட்டறை ஜாபருக்கு. மரத்தரை என்பது அவனைப் பொறுத்தவரை சினிமாவில் பங்களாக்காரர்கள் வீட்டில் இருப்பது. இருந்தும் மறுநாளே விசாரிக்கக் கிளம்பிவிட்டான்.

முட்டி இரண்டும் சிவந்துபோனபிறகு ஹஃபீசா ஒரு பலகையில் நின்றாள். அடியில் தக்கை ஒட்டியது. “இதுதான். இதுல வலி உள்ள வரைக்கும் போகல” என்றாள்.

“நல்ல சாய்ஸ் மேடம்” என்றார் கடைக்காரர், இந்த மாதிரி சோதனையை வாழ்க்கையில் பார்த்திராதவர். “ஒரே விஷயம், தண்ணி ஆகாது. ஈரம் பட்டா உப்பிக்கும். கலர் மட்டும் சொல்லுங்க.”

“நான் பாக்குறேன்” என்றான் அதீப். ஜாபர் அவனைத் தூக்கிவந்து பலகைகளுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். தேன் நிறம், கறுப்பு, வெளிர் மஞ்சள் எல்லாம் பார்த்துவிட்டு, அங்கங்கே கணு தெரிகிற ஒன்றைக் காட்டினான். “விழுந்தா மூஞ்சிக்கு நேரா இருக்கப்போறது இதுதான். வேடிக்கை பாக்க ஏதாச்சும் இருக்கணும்ல அத்தா.”

கடைக்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று முகத்தை மாற்றிக்கொண்டார். ஜாபர் பிள்ளையின் தலையைத் தடவினான். அன்றைக்கு ஹஃபீசாவுக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. திரும்பும் வழியில் பல்லாவரத்தில் இறங்கி மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள்.

பலகை பதிக்க வந்தவர் பெயர் சுந்தர்சிங். நாகர்கோவில் பக்கத்து ஆள், மாடம்பாக்கத்தில் குடியேறிப் பதினைந்து வருஷம். அதிகம் பேசாதவர், அளவு விஷயத்தில் பிடிவாதக்காரர். முதல் நாள் வெறும் கையோடு வராமல், தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டமும் ஒரு நீள அலுமினியக் கம்பும் கொண்டுவந்து அதீபின் அறைத் தரையை மூலைக்கு மூலை பார்த்தார். அப்புறம் ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார்.

“இது எதுக்கு அங்கிள்?” என்று கேட்டான் அதீப்.

“தரைக்குள்ள ஈரம் இருந்தா நாளைக்கு இந்தத் தாளுக்கு அடியில வேர்த்திருக்கும். ஏரிப் பக்கத்து வீடு, பாத்துக்கணும்ல.”

மறுநாள் தாள் காய்ந்தே இருந்தது. தை மாதம், நல்ல வெயில். சுந்தர்சிங்குக்குத் திருப்தி. அன்று மாலையே இருபத்திரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டியைப் பிரிக்காமல், படுக்கைவசமாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு நாள் வீட்டுக்குள் கிடக்க வேண்டும் என்றார். பலகை அந்த வீட்டின் காற்றுக்குப் பழகுமாம். நிறுத்திவைத்தால் வளைந்துவிடும். அதீபின் அறை காலியாக இருக்க வேண்டும் என்பதால் பெட்டிகளை ஹாலில் சுவரோரமாக வரிசையாகப் படுக்கவைத்தார்கள். முட்டி உயரத்துக்கு ஒரு மதில் மாதிரி நின்றது. அதீப் பிடித்து நடக்கிற சுவர் அந்தப் பக்கம் போய்விட்டது.

“ரெண்டு நாள்தானே. நான் புடிச்சிக்கிறேன்” என்றாள் ஹஃபீசா.

கிளம்பும்போது சுந்தர்சிங் வாசலில் நின்று, “அக்கா, தண்ணி மட்டும் பாத்துக்கோங்க” என்றார். ஹஃபீசா தலையாட்டினாள். பலகைமேல் தண்ணீர் படக்கூடாது என்று கடையிலேயே சொன்னார்களே, அதைத்தான் இவரும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பெட்டிகளின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினாள். யாரும் டீ டம்ளர்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. வெள்ளி காலையில் வேலை தொடங்குவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் அந்த அறையில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து ஒரு யாசீன் ஓதிவிட வேண்டும் என்று ஹஃபீசா நினைத்திருந்தாள். கட்டிலையும் பீரோவையும் நகர்த்தியபிறகு அந்தத் தரையைப் பார்த்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. கட்டில் கால் கறை, மருந்து சிந்திய கறை, மூலையில் ஒன்பது வருஷத்து ஒட்டடை. இதன்மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டால் இந்த அழுக்கு உள்ளேயே கிடக்கும், அதன் மேல்தான் என் பிள்ளை தொழுவான் என்று தோன்றியது. சுத்தம் ஈமானில் பாதி, இறைநம்பிக்கையில் பாதி என்பது நபிமொழி. நல்ல காரியம் நடக்கிற வீட்டைக் கழுவிவிடாமல் இருக்கிற பெண்பிள்ளை இந்த ஊரில் எந்த சாதியில் எந்த மதத்தில் உண்டு?

வீட்டு வேலைக்கு வருகிற கிளியம்மாள் வாளியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “இன்னாத்துக்குக்கா? மேல பலவ போட்டு மூடத்தானே போறாங்க. தொடச்சி வுட்டா போதாதா?”

“தொடச்சா அழுக்கு எடம் மாறும். கழுவினாத்தான் போகும். நீ தண்ணி புடி.”

“நீ சொல்லு, நான் ஊத்தறேன். எனுக்கு இன்னா கீது” என்று கிளியம்மாள் குழாயைத் திறந்தாள்.

பன்னிரண்டு வாளி. சோப்புத்தூள் போட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பினாயில் ஊற்றி, மறுபடி அலசி. ஜன்னல் ஓரம் ஒரு மொசைக் கல் மூலை உடைந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் அழுக்கு அடைந்திருக்கிறதே என்று அங்கே மட்டும் இரண்டு வாளி கூடுதல். ஊற்றிய தண்ணீர் அந்தப் பள்ளத்தில் கடகடவென்று இறங்கியது. பிறகு துணியால் ஒற்றி எடுத்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். மதியத்துக்குள் தரை பளபளவென்று காய்ந்துவிட்டது. சாயங்காலம் அதீபைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்து காட்டினாள். அங்கேயே பாய் போட்டு யாசீன் ஓதினாள். அவ்வளவு நிம்மதியாக அவள் ஓதி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சுந்தர்சிங் உள்ளே வந்தவுடன் மூக்கை உறிஞ்சினார். “பினாயில் வாசனை வருதே.”

“நேத்து கழுவிவிட்டேன்” என்றாள் ஹஃபீசா, நற்பெயர் வாங்கப்போகிறவள் மாதிரி.

அவர் பையைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து உடைந்த கல்லின் மூலையில் விரலை விட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் தாளை வெட்டி மறுபடி டேப் ஒட்டினார். “நாளைக்கு வர்றேன் பாய்” என்று ஜாபரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்து தாளைப் பிரித்தபோது அதன் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒரு கோடு இழுத்தால் வழிந்து ஓடும் போல.

“மேல காஞ்சிருச்சுக்கா. அடியில மணலும் சுண்ணாம்பு ஜல்லியும் குடிச்சி வச்சிருக்கு. ஏரி பக்கம், கீழயும் இறங்காது. அது மெல்ல மேலதான் வரணும்.”

“எத்தனை நாளாகும்?” என்றான் ஜாபர்.

“பத்து நாள், பதினஞ்சு நாள். எனக்கு நாளைக்கே கோயம்புத்தூர்ல ஒரு வேலை. மூணு வாரத்துல திரும்பிருவேன். அதுக்குள்ள காஞ்சிரும்.”

ஹஃபீசா முன்னால் வந்தாள். “பரவாயில்ல அண்ணா. கீழ ஒரு பிளாஸ்டிக் தாள் போடுவீங்கல்ல, அது தடுக்காதா? நீங்க போட்டுருங்க. என்ன ஆனாலும் நான் கேக்கமாட்டேன்.”

“நீங்க கேக்கமாட்டீங்கக்கா. பலகை உப்பி, ரெண்டு பலகை சேர்ற எடத்துல மேடு தட்டும். தம்பி நுனிக்கால்ல நடக்குது. அந்த மேட்டுல தட்டிவிட்டா?”

ஜாபர் வேறு ஆள் தேடிப் பார்த்தான். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். மூன்றாவது ஆள் உடனே போட்டுவிடலாம் என்றான், அவனை ஜாபரே அனுப்பிவிட்டான். அன்று சாப்பிடும்போது ஜாபர் தட்டைப் பார்த்தபடியே, “தண்ணின்னு அவரு சொன்னாருல்ல” என்றான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஹஃபீசா தினமும் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு முதல் வேலையாக அந்த அறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் பார்ப்பாள். சுந்தர்சிங் ஒட்டின மாதிரியே புதுசு ஒன்று ஒட்டுவாள். முதல் நாள் சொட்டுச் சொட்டாக. நான்காம் நாள் மூடுபனி மாதிரி. ஏழாம் நாளும் அதே மூடுபனி. ஜன்னல் வெயில் விழுகிற இடம் எது என்று பார்த்து, திரையைக் கழற்றி எறிந்தாள். டேபிள் ஃபேனை அந்தப் பள்ளத்துக்கு நேராக வைத்து இராப்பகலாக ஓடவிட்டாள். ஒருநாள் கிளியம்மாள் பார்த்துவிட்டு, “தரைக்குக் காத்து வுட்டுகினு ஒக்காந்துகினு கீறியே அக்கா, நீ சோறு துன்னியா?” என்று கேட்டாள். உண்மையில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

வைக்க வேறு ஈரமில்லாத இடம் இல்லாததால் பெட்டிகள் ஹாலிலேயே கிடந்தன. அதீபின் கட்டிலும் இப்போது ஹாலில்தான். கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில், சாயங்காலம் வாசல்வரை ஒரு நடை. பிடிக்கச் சுவர் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் ஹஃபீசா பக்கத்தில் வந்து நிற்பாள், அவன் அவள் தோளில் கை வைத்து நடப்பான். இரண்டு வாரமாக அவள்தான் அவனுக்குச் சுவர். அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும் அணைத்துவிட்டு வந்தாள். ஸ்கூலிலிருந்து ஜாபர் வண்டியில் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து தூங்குகிறவரை அவனை விட்டு எட்டிப்போகவில்லை.

“சுவரு பேசாதும்மா. நீ பேசிக்கிட்டே வர்ற” என்பான் அதீப்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜாபர் கறி வாங்கப் போயிருந்தான். அதீப் கட்டிலில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஹஃபீசா அறைக்குள் போய்த் தாளைப் பிரித்தாள். உள்பக்கம் விரலை வைத்துத் தேய்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தரையில் உள்ளங்கையை வைத்தாள், பள்ளத்தில் விரலை விட்டாள். மணல் உதிர்ந்தது, காய்ந்த மணல்.

சந்தோஷம் வந்தால் மனிதனுக்குப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. அத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவள், அந்த ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தாள்.

“அதீபு, காஞ்சிருச்சுடா. வந்து பாரு, ஓடியா.”

ஓடியா என்றாள். அந்தப் பிள்ளையைப் பார்த்து ஓடியா என்றாள். அவனும் அம்மாவின் குரலில் இருந்த சிரிப்பைக் கேட்டு, கட்டிலைவிட்டு இறங்கி வந்தான். நாலு எட்டு வந்தான். ஐந்தாவது எட்டில் பழக்கத்தில் சுவருக்குக் கையை நீட்டினான். கைக்குக் கிடைத்தது வெறும் காற்று.

சத்தம் கேட்டபோது ஹஃபீசாவின் கையில் தாள் இருந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில்தான் தாழி உடையும் என்று சொல்லிவைத்தவர்கள் எந்தத் தாழியைப் பார்த்துச் சொன்னார்களோ. அதீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மொசைக் தரையில் கிடந்தான். அழவில்லை. வலது கால் தொடைக்கு நடுவில் வேறொரு திசைக்குத் திரும்பியிருந்தது.

“அம்மா, தூக்காத. கால் என்னமோ ஆயிருச்சு” என்றான்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே பார்க்க டாக்டர் தேவைப்படவில்லை, ஜாபருக்கே தெரிந்தது. இடுப்பிலிருந்து கால் விரல்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம். பழைய டாக்டருக்கும் போன் போட்டுப் பேசினார்கள். அவர் கேட்டுவிட்டு, “சரி, கட்டு பிரிச்சதும் கூட்டிட்டு வாங்க, சக்கர நாற்காலிக்கு அளவு எடுக்கணும்” என்றார். ஜாபர் போனை வைத்துவிட்டு வராந்தாவில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து, முகம் கழுவாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்பிடிடா விழுந்த?” என்று சாயங்காலம் கேட்டான்.

“தண்ணி குடிக்கப் போனேன் அத்தா.”

“அம்மாவைக் கூப்பிட வேண்டியதுதானே. எத்தனை வாட்டி சொல்லியிருக்கு.”

“மறந்துட்டேன்.”

அதீப் அம்மாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தான். ஹஃபீசா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது, வாய் திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அவளுக்காக ஏச்சு வாங்கிக்கொள்கிறது, அவள் வாங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறப்பிலேயே அவனுக்கு வியாதியைக் கொடுத்தவள். தரையைக் கழுவியவள். ஓடியா என்று கூப்பிட்டவள். பட்ட காலிலே படும் என்பார்கள், இவன் காலில் படவைத்த கையெல்லாம் அவளுடைய கையாகவே இருந்தது. இதை அவள் யாரிடமும் வாதாடிக் குறைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாம் நாள் வராந்தா பெஞ்சில் ஜாபர் டிபன் டப்பாவைத் திறந்தபோது சொல்லிவிட்டாள். “தண்ணி குடிக்கப் போகல மச்சான். நான்தான் கூப்பிட்டேன். தரை காஞ்சிருச்சுன்னு கூப்பிட்டேன்.”

ஜாபர் டப்பாவை மூடினான். வெகுநேரம் அதன் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அழுவான், இல்லை, போனால் போகிறது என்று பொய்யாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

“எங்கம்மாகிட்ட சொல்லிராத” என்றான். பிறகு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

சுந்தர்சிங் சொன்னபடி மூன்றாவது வாரம் வந்துவிட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தவர் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த அதீபைப் பார்த்து நின்றார். பெட்டி வரிசையைப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பாய்” என்றார் மெதுவாக. “வேணாம்னா பெட்டி பிரிக்கல, கடையில நான் பேசித் திருப்பிக் குடுத்துர்றேன்.”

ஜாபர் ஹஃபீசாவைப் பார்த்தான். அவள் அதீபின் போர்வையைச் சரிசெய்தாள். “போடுங்க சார்” என்றான் ஜாபர், சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிப்போனான். அந்த வேலை நடக்கும்போது அவனால் வீட்டில் இருக்க முடியாது என்று ஹஃபீசாவுக்குப் புரிந்தது. அவளுக்கும்தான் முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவாள்.

தரை நன்றாகவே காய்ந்திருந்தது. சுந்தர்சிங் பிளாஸ்டிக் தாளை விரித்தார், சுவரோரம் சின்னக் கட்டைகளை வைத்து இடைவெளி விட்டார், முதல் பலகையைப் போட்டு அடுத்ததை அதன் ஓரத்தில் நீட்டியிருந்த காதில் மாட்டிக் கட்டையால் தட்டினார். தட்டும் சத்தம் ஹால்வரை வந்தது. நடுவில் ஒருதரம் வெளியே வந்து அறை வாசலில் குனிந்து, வாசற்படிக் கல்லைத் தடவிப் பார்த்தார்.

“அக்கா, இந்தக் கல்லு ஒரு இஞ்சு தூக்கிக்கிட்டிருக்கு. வெட்டிச் சமமாக்கிரட்டுமா? சக்கரம் போக வர...” மீதியை முடிக்கவில்லை.

“வெட்டிருங்கண்ணா” என்றாள் ஹஃபீசா.

கட்டிங் மெஷின் வைத்துக் கல்லை அறுத்தார். ஹாலெல்லாம் வெள்ளைப் புழுதி. ஹஃபீசா தன் தலைமுக்காட்டால் அதீபின் முகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மெஷின் நின்றபிறகு துணியை எடுத்தாள். அவன் இமையில் கொஞ்சம் புழுதி ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டாள்.

“அம்மா.”

“என்னடா.”

“நான்தான் இனிமே விழமாட்டேனே. அப்புறம் எதுக்கு இதைப் போடுறாரு?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு வரவில்லையென்றால் எப்படிக் கேட்பானோ அப்படித்தான் கேட்டான். ஹஃபீசா மூன்று வருஷமாக அவனிடம் சொல்லிவந்த பதில் ஒன்று இருந்தது: நீ நல்லா நடக்கணும்ல, அதுக்குத்தான். ஊசிக்கும் அதுதான் பதில், கசப்பு மருந்துக்கும் அதுதான், காலை இழுத்துக் கட்டுகிற பயிற்சிக்கும் அதுதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இனி எப்போதும் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சும்மாதான்டா” என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளேயிருந்து சுந்தர்சிங் அடுத்த பெட்டியைக் கேட்டார். ஹஃபீசா எழுந்து போய், ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்துக் கொடுத்தாள்.